விருந்தினர் வருமுன் வெங்கன்

டிசம்பர் முதல் வாரத்தில் சுவிட்சர்லாந்தின் வெங்கன் கிராமத்திற்குச் சென்றதாகவும், விடுதிகளில் பாதி மூடியிருந்ததாகவும், மரவீடுகளின் ஜன்னல்கள் இருண்டு கிடந்ததாகவும், புல்வெளியில் பனி திட்டுத் திட்டாகவே இருந்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். கிறிஸ்துமஸுக்கு மூன்று வாரமே இருக்கும்போது ஒரு பனிச்சறுக்கு ஊர் ஏன் இப்படி உறங்குகிறது, அங்குள்ளவர்கள் அந்த நாட்களில் என்னதான் செய்கிறார்கள் என்பது உங்கள் கேள்வி. அந்த ஊரின் சமையலறை ஒன்றில் மூன்று குளிர்காலங்கள் வேலை செய்துவிட்டு, இப்போது அதே பள்ளத்தாக்கின் வாயிலில் உள்ள இன்டர்லாக்கனில் வசிப்பவன் என்ற முறையில் விரிவாகவே பதில் சொல்கிறேன்.

ஊர் உறங்கவில்லை. கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்னதாக மண்டபத்துக்குப் போனவர் எதைப் பார்ப்பாரோ அதைத்தான் நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். வெங்கன் போன்ற ஊர்களுக்கு ஆண்டில் இரண்டு பருவங்கள் உண்டு. மலையேறுவோரும் நடைபயணிகளும் வரும் கோடைப் பருவம் அக்டோபரில் முடிகிறது. பனிச்சறுக்குப் பருவம் டிசம்பர் நடுவில்தான் முழுமையாகத் தொடங்குகிறது. நடுவிலுள்ள ஏழெட்டு வாரங்களை அங்கே 'இடைப்பருவம்' என்ற பொருள் தரும் ஜெர்மன் சொல்லால் குறிப்பிடுவார்கள். உள்ளூர்க்காரர்கள் விடுப்பில் போவது, குழாய்களைப் பழுதுபார்ப்பது, தரைவிரிப்புகளை மாற்றுவது, கொதிகலனைச் சோதிப்பது எல்லாம் அந்த இடைவெளியில்தான். மருத்துவரிடம் போவதைக்கூட அதற்கென்று ஒத்தி வைப்பவர்களை நான் அறிவேன்.

இருண்ட ஜன்னல்களுக்கு வேறொரு காரணமும் உண்டு. அவற்றில் பல யாரும் நிரந்தரமாகக் குடியிருக்கும் வீடுகள் அல்ல. நகரத்தாரும் வெளிநாட்டாரும் வாங்கிப் போட்டு, ஆண்டில் சில வாரங்கள் மட்டும் வந்து தங்கும் இரண்டாம் வீடுகள். 'குளிர்ந்த படுக்கைகள்' என்று சுவிஸ் செய்தித்தாள்கள் இவற்றைச் சொல்வதுண்டு. ஓர் ஊராட்சியில் இரண்டாம் வீடுகள் 20 விழுக்காட்டுக்கு மேல் போகக்கூடாது என்ற முன்மொழிவு 2012 மார்ச் 11 அன்று பொதுவாக்கெடுப்புக்கு வந்து, 50.6 விழுக்காடு வாக்குகளுடன் மயிரிழையில் வென்றது. வெங்கனை உள்ளடக்கிய லவுட்டர்ப்ரூனன் ஊராட்சி அந்த வரம்பைத் தாண்டியவற்றில் ஒன்று. சட்டம் புதிய கட்டுமானத்தைத்தான் கட்டுப்படுத்தியது. ஏற்கெனவே நிற்கும் வீடுகளுக்கு விளக்கேற்ற அதனால் முடியவில்லை. இதன் சுமை முழுவதும் வேலைக்கு வருபவர்களின் தலையில்தான் விழுகிறது என்பது என் கருத்து. ஊரில் நூற்றுக்கணக்கான அறைகள் பூட்டிக் கிடக்க, சமையலறை உதவியாளர்கள் இருவர் மூவராக ஓர் அறையைப் பகிர்ந்துகொள்கிறார்கள். அதுவும் கிடைக்காதவர்கள் கீழே பள்ளத்தாக்கில் தங்கித் தினமும் ரயிலேறுகிறார்கள்.

ரயிலைப் பற்றிச் சொல்லாமல் வெங்கனின் அன்றாடத்தைச் சொல்ல முடியாது. கடல்மட்டத்திலிருந்து 1,274 மீட்டர் உயரத்தில், ஒரு பாறைச் சுவரின் மேலுள்ள மலைத்திண்ணையில் அமர்ந்திருக்கும் அந்த ஊருக்கு வெளியுலகிலிருந்து கார் வரும் சாலை கிடையாது. கீழே 795 மீட்டரில் இருக்கும் லவுட்டர்ப்ரூனனில் காரை நிறுத்திவிட்டு, 1893இல் திறக்கப்பட்ட வெங்கர்னால்ப் பற்சக்கர ரயிலில் கால்மணி நேரம் ஏறித்தான் ஊருக்குள் வர வேண்டும். அரிசி மூட்டையும், பால் பொருட்களும், கட்டட மரமும், பழுதான சலவை இயந்திரத்துக்குப் பதிலாக வரும் புதிய இயந்திரமும், கிறிஸ்துமஸ் மது வகைகளும் அந்த 80 சென்டிமீட்டர் அகல இருப்புப்பாதையில்தான் வந்தாக வேண்டும். டிசம்பர் இரண்டாம் வாரத்தில் நிலையத்தருகே நின்றால் ஊர் விழித்தெழுவதைக் கண்ணால் காணலாம். சரக்குப் பெட்டிகளிலிருந்து அட்டைப்பெட்டிகள் இறங்கிக்கொண்டே இருக்கும். சிறிய மின்வண்டிகள் அவற்றை விடுதி விடுதியாகக் கொண்டு செல்லும். எங்கள் சமையலறையில் முட்டைக் கணக்கு ஒருமுறை தவறியபோது, 'பக்கத்துக் கடையில் வாங்கி வா' என்று யாரையும் அனுப்ப முடியவில்லை. அடுத்த சரக்கு வரும்வரை இனிப்புப் பட்டியலையே மாற்றினோம்.

இனி பனி. இந்த இடத்தில் நம் மொழி சற்று இடறுகிறது. நமக்கு மார்கழிக் காலையில் புல்நுனியில் நிற்பதும் பனி, மூடுவதும் பனி, வானிலிருந்து பஞ்சாய் இறங்குவதும் பனி. எனவே இறங்குவதை வெண்பனி என்றே எழுதுகிறேன். டிசம்பர் தொடக்கத்தில் 1,200, 1,300 மீட்டர் உயரத்தில் வெண்பனி நிச்சயம் என்று எவரும் சொல்ல முடியாது. நவம்பரில் முழங்கால் அளவு விழும். பிறகு தெற்கிலிருந்து மலைமுகடுகளைத் தாண்டி இறங்கும் ஃப்யோன் என்ற வெப்பக் காற்று ஒரே இரவில் அதை உருக்கிவிடும். முகட்டைத் தாண்டிக் கீழிறங்கும்போது அழுத்தத்தால் சூடாகும் வறண்ட காற்று அது. உள்ளூரில் அதற்கு 'பனி தின்னி' என்ற பட்டப்பெயரும் உண்டு. மரவீடுகள் நெருங்கிய ஊர்களில் அது வீசும் நாட்கள் தீயச்சம் தரும் நாட்கள். அருகிலுள்ள மைரிங்கன் 1879இலும் 1891இலும் ஃப்யோன் காற்று வீசியபோது எரிந்தது. அந்தக் காற்று வீசும்போது தலைவலி வருகிறது, வீட்டில் சண்டை வருகிறது என்றெல்லாம் மக்கள் சொல்வார்கள். பின்னதற்குக் காற்றைக் குற்றம் சொல்லலாமா என்பது வேறு விஷயம்.

வானத்தை மட்டும் நம்பி விடுதி நடத்த முடியாது என்பதால், டிசம்பர் இரவுகளின் முக்கிய வேலை செயற்கை வெண்பனி தயாரிப்பதாகிவிட்டது. சுவிட்சர்லாந்தின் சறுக்குத் தடங்களில் பாதிக்கும் மேற்பட்ட பரப்பில் இன்று அதற்கான ஏற்பாடு இருக்கிறது. பனிப்பீரங்கி எனப்படும் இயந்திரம் நீரை நுண்துளிகளாகச் சிதறடித்துக் காற்றில் வீசுகிறது. துளிகள் தரையில் விழுமுன் உறைய வேண்டும். வெப்பமானி எத்தனை பாகை காட்டுகிறது என்பது மட்டும் இதற்குப் போதாது. காற்றின் ஈரப்பதமும் சேர்ந்தே முடிவு செய்கிறது. மண்பானையில் நீர் குளிர்வது எதனாலோ அதே காரணம்தான்: துளியின் மேற்பரப்பிலிருந்து கொஞ்சம் நீர் ஆவியாகும்போது மீதி குளிர்கிறது. காற்று வறண்டிருந்தால் பூச்சியத்தை ஒட்டிய வெப்பநிலையிலும் வெண்பனி பிறக்கும். ஈரமாக இருந்தால் பூச்சியத்துக்குக் கீழே மூன்று பாகையிலும் சேறு போன்ற ஒன்றுதான் கிடைக்கும். ஒரு ஹெக்டேர் தடத்துக்கு 30 சென்டிமீட்டர் அடித்தளம் போட ஏறத்தாழ 1,000 கனமீட்டர் நீர் தேவை. அதற்காகவே மேலே நீர்த்தேக்கங்களை வெட்டி வைத்திருக்கிறார்கள். பச்சைச் சரிவின் நடுவே வெள்ளை நாடா போல ஒரே ஒரு தடம் ஓடுவதைப் பார்த்திருப்பீர்களே, அது இப்படிப் போடப்பட்டதுதான். அதை அழகென்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்த நாடா இல்லையென்றால் ஊரில் பலருக்குக் குளிர்கால ஊதியம் இல்லை என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

ஜனவரி நடுவில் வெங்கனில் நடக்கும் லவுபர்ஹார்ன் பனிச்சறுக்குப் பந்தயமும் டிசம்பர் வேலைகளோடு பிணைந்தது. 1930இல் தொடங்கிய இந்தப் போட்டியின் இறங்குதடம் ஏறத்தாழ நாலரை கிலோமீட்டர் நீளமானது. உலகக்கோப்பைத் தொடரில் அதுவே மிக நீளம். வீரர்கள் ஓரிடத்தில் பற்சக்கர ரயில்பாதைக்கு அடியிலேயே புகுந்து போகிறார்கள். மணிக்கு 150 கிலோமீட்டருக்கு மேல் வருபவர்களுக்கான தடம் பஞ்சு போல இருக்கக்கூடாது; இறுகியிருக்க வேண்டும். ஆகவே கிறிஸ்துமஸுக்கு முன்பே அடித்தளம் இட்டு, இயந்திரங்களால் மிதித்து, மீண்டும் இட்டு, மீண்டும் மிதிக்கிறார்கள். மாலை ஐந்து மணிக்குத் தடங்கள் மூடிய பிறகு மலைச்சரிவில் ஊர்ந்து செல்லும் விளக்குகள் இப்படி மிதிக்கும் வண்டிகளுடையவை. செங்குத்தான இடங்களில் மேலே ஓர் இரும்புக்கம்பியில் கட்டிக்கொண்டுதான் அவை இறங்கும். இருட்டில் கண்ணுக்குத் தெரியாத அந்தக் கம்பி தரையிலிருந்து திடீரென விண்ணென்று எழும்பக்கூடியது. மூடிய தடத்தில் இரவில் நடக்காதீர்கள் என்று ஒவ்வொரு ஆண்டும் விருந்தினருக்குச் சொல்ல வேண்டியிருப்பதற்குக் காரணம் இதுதான்.

குறைந்த வெண்பனி வருமானத்துக்கு மட்டுமல்ல, உயிருக்கும் ஆபத்தானது என்பதை வெளியிலிருந்து வருபவர்கள் எளிதில் உணர்வதில்லை. நிறைய விழுந்தால்தான் பனிச்சரிவு என்று நினைப்போம். டிசம்பரில் மெல்லிய படலமாக விழுந்து, பிறகு இரண்டு வாரம் தெளிந்த வானமும் கடும் குளிருமாக இருந்தால், நிலத்தை ஒட்டிய பகுதி பூச்சிய வெப்பநிலைக்கு அருகிலும் மேற்பரப்பு மிகக் குளிர்ந்தும் இருக்கும். அந்த வேறுபாட்டால் நீராவி கீழிருந்து மேலே நகர்ந்து, துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாத சர்க்கரைப் பரல்களாக மாறிவிடுகின்றன. கிறிஸ்துமஸை ஒட்டி அதன்மேல் புதிதாக ஒரு மீட்டர் விழுந்தால், உருளைகளின் மேல் பலகையை வைத்தது போலத்தான். இதனால்தான் நீங்கள் ரசித்த அந்த நீல வானத்து வாரத்தில் மீட்புக் குழுவினர் முகம் சுளித்துக்கொண்டிருந்திருப்பார்கள். 1950-51 குளிர்காலத்தில் சுவிட்சர்லாந்தில் மட்டும் 98 பேர் பனிச்சரிவுகளில் இறந்தனர். அதன் பின்னரே மலைச்சரிவுகளில் தடுப்பு வேலிகள் பெருமளவில் நிறுவப்பட்டன. வெங்கனுக்கு மேலே மென்லிஹென் சரிவில் வரிசை வரிசையாகத் தெரியும் வேலிகள் திராட்சைத் தோட்டத்துக்கானவை அல்ல. தாவோஸில் உள்ள பனி ஆய்வு நிறுவனம் குளிர்காலத்தில் தினமும் மாலை ஐந்து மணிக்கு ஐந்து படிநிலைகள் கொண்ட அபாய அறிவிப்பை வெளியிடுகிறது. நம் ஊர்க் கடலோரத்தில் மீனவர்கள் வானிலை கேட்பது போல, அங்கே தடக் காவலர்களும் சறுக்குப் பயிற்றுநர்களும் அதைக் கேட்கிறார்கள்.

இந்த வேலைகளையெல்லாம் செய்பவர்கள் யார் என்பதுதான் உங்கள் கேள்வியின் நடுப்பகுதி என்று நினைக்கிறேன். முதல் வகை, அங்கேயே பிறந்த வேளாண் குடும்பத்தார். கோடையில் உயர்ந்த மேய்ச்சல் நிலத்தில் மாடு மேய்த்துப் பாலாடைக்கட்டி செய்பவர்கள் குளிர்காலத்தில் தொழுவத்தில் கட்டிய மாடுகளுக்கு விடியற்காலையில் உலர்புல் போட்டுப் பால் கறந்துவிட்டு, எட்டு மணிக்குச் சறுக்குவோரை மலைமேல் ஏற்றும் இழுவை ஊர்தி நிலையத்தில் சீருடையோடு நிற்பார்கள். மாலையில் திரும்பவும் தொழுவம். விருந்தினரின் பயணச்சீட்டைச் சரிபார்த்த கையில் சாணம் வீசுகிறது என்று ஒரு பெண்மணி முறையிட்டதாக ஒரு கதை எங்களிடையே உலவியது. உண்மையோ பொய்யோ, அந்தக் கதையைச் சொல்லிச் சிரித்தவர்கள் அந்த விவசாயிகளே.

இரண்டாம் வகை, பருவத்துக்கென வருபவர்கள். டிசம்பர் பத்தாம் தேதியை ஒட்டி ஒவ்வொரு ரயிலிலும் பெரிய பெட்டியோடு இறங்கும் போர்த்துகல், இத்தாலி, ஹங்கேரி, ஸ்லோவாக்கியா நாட்டு இளைஞர்களைக் காணலாம். அவர்களின் ஒப்பந்தம் டிசம்பர் நடுவிலிருந்து ஈஸ்டர் வரை. விடுதித் தொழிலுக்கான நாடு தழுவிய கூட்டு ஒப்பந்தப்படி வாரத்துக்கு 42 மணி நேர வேலை. பருவகால நிறுவனங்களில் 43.5 மணி நேரம். கிறிஸ்துமஸ் வாரத்தில் அந்தக் கணக்கு தாளில் மட்டும்தான் இருக்கும். மீதியை ஜனவரியின் மந்தமான வாரங்களில் ஈடுகட்டுவார்கள் என்பது ஏற்பாடு. நான் வேலை செய்த இடத்தில் அந்த ஈடு முழுமையாகக் கிடைக்க இரண்டு முறை கேட்க வேண்டியிருந்தது. என்றாலும், முந்தைய தலைமுறை பட்டதோடு ஒப்பிட்டால் எங்களுடையது துன்பமே அல்ல. 2002 வரை நடைமுறையில் இருந்த பருவத் தொழிலாளர் அனுமதி ஆண்டுக்கு ஒன்பது மாதம் மட்டுமே தங்க விட்டது. குடும்பத்தை அழைத்துவர அனுமதிக்கவில்லை. பிள்ளைகளைப் பிரிய மனமின்றி இரகசியமாக அழைத்து வந்த இத்தாலிய, ஸ்பானிய, போர்த்துகீசியப் பெற்றோர், பகல் முழுவதும் சத்தம் போடாதே என்று சொல்லி அறைக்குள் பூட்டிவைத்துவிட்டு வேலைக்குப் போனார்கள். 'அலமாரிக் குழந்தைகள்' என்று அவர்களுக்குப் பெயர். 1980களில் இலங்கைப் போரிலிருந்து தப்பி வந்த தமிழர்களில் பலரும் சுவிஸ் உணவகங்களின் பாத்திரம் கழுவும் இடத்தில்தான் தங்கள் வாழ்க்கையைத் தொடங்கினார்கள். நான் அந்த வரிசையில் பிந்தி வந்தவன்.

வேலைக்கு வெளியே ஊரின் டிசம்பர் மெதுவானது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளுக்கு நான்கு மெழுகுவத்திகள் கொண்ட பசுந்தழை வளையம் மேசையில் இருக்கும். ஞாயிறுக்கு ஒன்றாக ஏற்றுவார்கள். சுவிஸ் கிராமங்கள் பலவற்றில் இருபத்துநான்கு வீடுகள் சேர்ந்து ஆளுக்கொரு ஜன்னலை அலங்கரித்து, டிசம்பர் 1 முதல் நாளுக்கு ஒன்றாக விளக்கேற்றுகின்றன. அன்றைய ஜன்னலுக்கு உரிய வீட்டார் வாசலில் சூடான மசாலாத் திராட்சை மதுவோ தேநீரோ வைத்திருப்பார்கள். ஊரார் வந்து நின்று பேசிவிட்டுப் போவார்கள். விருந்தினர் வந்தபின் நேரமே இல்லாத இவர்கள் ஒருவரையொருவர் உண்மையில் சந்தித்துக்கொள்வது இந்த மாலைகளில்தான். டிசம்பர் 6 அன்று சிவப்பு அங்கியில் சாமிக்ளாவுஸ் எனப்படும் புனித நிக்கோலஸும், கறுத்த முகமும் பழுப்பு உடையுமாக அவருடைய துணையாள் ஷ்முட்ஸ்லியும் வருவார்கள். குழந்தைகள் ஒரு பாட்டை ஒப்பிக்க வேண்டும். ஒப்பித்தால் வேர்க்கடலையும் மண்டரின் ஆரஞ்சும் இஞ்சி ரொட்டியும் கிடைக்கும். அன்று காலை ரொட்டிக்கடையில் மனித உருவில் சுட்ட கிரிட்டிபென்ஸ் என்ற இனிப்பு ரொட்டி விற்றுத் தீர்ந்துவிடும். வீடுகளில் மைலெண்டர்லி, லவங்கப்பட்டை நட்சத்திரம், பாதாமும் சாக்லேட்டும் சேர்ந்த ப்ருன்ஸ்லி என்று சிறு பிஸ்கட்டுகள் சுட்டுத் தகர டப்பாக்களில் அடுக்குவார்கள். நம் வீடுகளில் தீபாவளிப் பலகாரம் போலவே இவற்றையும் அக்கம்பக்கத்தில் பரிமாறிக்கொள்வார்கள். யார் வீட்டுப் பிஸ்கட் கல்லாக இருந்தது என்ற பேச்சும் அப்படியே நடக்கும்.

போக்குவரத்துக்கு டிசம்பரில் சறுக்குவண்டிதான் துணை. குழந்தையையும் காய்கறிப் பையையும் ஒரே மரச்சறுக்கில் உட்காரவைத்து இழுத்துச் செல்லும் தாய்மாரை எந்தப் புகைப்படத்துக்காகவும் ஏற்பாடு செய்யவில்லை. மலைக்கு அந்தப் பக்கமுள்ள கிரிண்டல்வால்டில் 1911இல் ஒருவர் சக்கரங்களுக்குப் பதில் சறுக்குக்கட்டை பொருத்திய மரச் சைக்கிள் ஒன்றைச் செய்தார்; ஃபெலோகெமெல் என்ற அதை இன்றும் ஓட்டுகிறார்கள். நடப்பவர்கள் காலணியில் முள்பட்டை மாட்டிக்கொள்ள வேண்டும். பகலில் உருகி இரவில் கண்ணாடியாக உறையும் பாதையில் விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொள்வது, சறுக்கு விளையாட்டைத் தொடாதவர்களுக்கும் அங்கே நேர்வதுதான்.

வெளிச்சத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். டிசம்பர் பிற்பகுதியில் பகல் எட்டரை மணி நேரம்தான். செங்குத்துப் பாறைகளுக்கு இடையில் ஒடுங்கிய லவுட்டர்ப்ரூனனில் அதிலும் சிறு பகுதியே வெயில் விழும். திண்ணையில் இருக்கும் வெங்கனுக்கு அதைவிடத் தாராளமாகக் கிடைக்கிறது. பெர்ன் உள்ளிட்ட சமவெளி நகரங்கள் நாள்கணக்கில் மூடுபனிக்குள் கிடக்கும்போது, மேலே பளீரென்று வெயில் காயும். மூடுபனியின் மேல்விளிம்பு எத்தனை மீட்டரில் இருக்கிறது என்று வானிலை அறிக்கையிலேயே சொல்வார்கள். அப்படிப்பட்ட ஞாயிறுகளில் சறுக்கவே தெரியாத நகரத்தார் வெயிலுக்காக மட்டும் ரயிலேறி வந்து, சுவரோரப் பெஞ்சில் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார்கள். மூடிய விடுதிகளுக்கு நடுவே திறந்திருந்த அந்த ஒன்றிரண்டு தேநீர்க்கடைகள் அவர்களை நம்பித்தான் இருந்தன.

டிசம்பர் 20ஐ ஒட்டி எல்லாம் ஒரேயடியாக மாறும். ஷட்டர்கள் திறக்கும், படுக்கை விரிப்புகள் ரயிலில் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும், நடைமேடையில் நடக்க இடமிருக்காது. சுவிஸ் குடும்பங்களுக்கு டிசம்பர் 24 மாலைதான் உண்மையான பண்டிகை. மரத்தில் நிஜ மெழுகுவத்திகளை ஏற்றிவைத்து, பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரும் வைத்துக்கொள்ளும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. கொதிக்கும் சாற்றில் மெல்லிய இறைச்சித் துண்டுகளை அவரவர் முக்கியெடுத்து உண்பது அன்றைய வழக்கமான உணவு. சமைப்பவரும் மேசையில் உட்கார முடியும் என்பதே அதன் பெருமை. விடுதிச் சமையலறைக்கு அந்தச் சலுகை கிடையாது. விருந்தினர் எழுந்து, கடைசித் தட்டும் கழுவி முடிய இரவு பதினொன்றரை ஆகும். அதன்பின் போர்த்துகீசியச் சகாக்கள் நாட்கணக்கில் ஊறவைத்திருந்த உப்புக் கருவாட்டை உருளைக்கிழங்கோடும் முட்டைக்கோஸோடும் அவித்து, ஆலிவ் எண்ணெய் ஊற்றிப் பெரிய தட்டில் வைப்பார்கள். அவர்கள் நாட்டில் அந்த இரவின் உணவு அதுதான். கருவாடு தெரிந்தவன் என்பதால் என் கருத்தைக் கேட்டார்கள். மிளகாய் வேண்டும் என்றேன். மறு ஆண்டு எனக்கென்று தனியாக ஒரு கிண்ணத்தில் அதை இடித்து வைத்திருந்தார்கள்.

மறுமுறை வருவதானால் டிசம்பர் 15க்கும் 20க்கும் இடையில் வாருங்கள். விடுதிகள் திறந்திருக்கும், விலை இன்னும் ஏறியிருக்காது, ஜன்னல் விளக்குகள் பதினைந்துக்கு மேல் எரிந்துகொண்டிருக்கும், வரவேற்பறையில் இருப்பவருக்கு உங்களோடு இரண்டு வார்த்தை பேச நேரமும் இருக்கும்.